யாருக்கான கடிவாளம்?
வளைகுடா நாடுகளின் இணையச் சட்டங்கள் குறித்து

சமூக வலைத்தளங்களைச் சட்டத்தால் கட்டுப்படுத்தலாமா என்ற கேள்வி எமது கலந்துரையாடல்களில் அடிக்கடி எழுகிறது. எழும்போதெல்லாம் நாம் இரண்டு அணிகளாகப் பிரிந்துவிடுகிறோம். சாதி வசையும் பெண்கள் மீதான அவதூறும் இனவெறியும் தங்குதடையின்றிப் பரவுவதைச் சுட்டிக்காட்டிச் சட்டம் வேண்டும் என்கிறது ஓர் அணி. பயங்கரவாதத் தடைச்சட்டத்தின் கீழ் வாழ்ந்து, எழுதியதற்காகவும் பேசியதற்காகவும் துரத்தப்பட்ட அனுபவத்திலிருந்து, அரசின் கையில் இன்னுமொரு பொல்லைக் கொடுக்கக் கூடாது என்கிறது மற்றைய அணி. இரண்டு பக்கத்திலும் நியாயம் உண்டு. ஆனால் இரண்டு பக்கத்தினரும் மனதில் வைத்துப் பேசுவது பெர்லினையும் பாரிசையும் ரொறன்ரோவையும்தான், மிஞ்சினால் கொழும்பை.

ஊரைவிட்டு வெளியே வாழும் தமிழ் பேசும் மக்கள் பெருந்தொகையாக இருக்கும் இடங்களில் ஒன்று வளைகுடா. மட்டக்களப்பிலிருந்தும் மூதூரிலிருந்தும் மலையகத்திலிருந்தும் வீட்டுவேலைக்குப் போன பெண்கள், இராமநாதபுரத்திலிருந்தும் தஞ்சாவூரிலிருந்தும் கட்டட வேலைக்குப் போன இளைஞர்கள், கடைச் சிப்பந்திகள், சாரதிகள், கணக்காளர்கள் என்று அவர்கள் பல வகையினர். அவர்கள் அங்கு பிரஜைகளும் அல்லர், அகதிகளும் அல்லர். வளைகுடாக் கூட்டுறவுச் சபையைச் சேர்ந்த ஆறு நாடுகளில் ஒன்றுகூட 1951ஆம் ஆண்டின் அகதிகள் சாசனத்தில் இணையவில்லை. ஐக்கிய அரபு இராச்சியத்தில் வாழ்பவர்களில் ஏறத்தாழப் பத்துக்கு ஒன்பது பேர் வெளிநாட்டவர். குடிமக்களைவிட வேலைக்கு வந்தவர்கள் இத்தனை மடங்கு அதிகமாக உள்ள ஒரு நாட்டில் இணையச் சட்டம் என்ன வேலையைச் செய்கிறது என்பதை விளங்கிக்கொண்டால், எமது விவாதமும் சற்றுத் தெளிவடையக்கூடும்.

சட்டம் சொல்வது

ஐக்கிய அரபு இராச்சியம் தகவல் தொழில்நுட்பக் குற்றங்களுக்கென்று தனிச்சட்டம் ஒன்றை 2006இலேயே கொண்டுவந்துவிட்டது. கணினிக்குள் புகுந்து திருடுவது, மோசடி செய்வது போன்றவையே அதில் முதன்மை பெற்றிருந்தன. 2012இல் அதன் இடத்திற்கு 5ஆம் இலக்க ஆணைச்சட்டம் வந்தது. இடைப்பட்ட காலத்தில் நடந்ததைக் கவனிக்க வேண்டும். 2011 மார்ச்சில், அரபு நாடுகளெங்கும் கிளர்ச்சி பரவிக்கொண்டிருந்த வேளையில், அந்நாட்டின் குடிமக்கள் 133 பேர் முழு அதிகாரம் கொண்ட, தேர்ந்தெடுக்கப்பட்ட பாராளுமன்றம் வேண்டுமென ஒரு விண்ணப்பத்தில் கையொப்பமிட்டார்கள். அடுத்த மாதமே கைதுகள் தொடங்கின. அதன் பின் வந்த 2012ஆம் ஆண்டுச் சட்டத்தில் அரசின் நற்பெயர், மதிப்பு, தேசிய ஒற்றுமை, பொது ஒழுங்கு ஆகிய சொற்கள் நிறைந்திருந்தன. திருடனைப் பிடிக்க வந்த சட்டம் பேசுபவனையும் பிடிக்கும் சட்டமாக விரிந்தது.

இன்று நடைமுறையில் இருப்பது 2021ஆம் ஆண்டின் 34ஆம் இலக்க ஆணைச்சட்டம். 2022 ஜனவரி 2ஆம் திகதி நடைமுறைக்கு வந்தது. வதந்திகளையும் இணையக் குற்றங்களையும் எதிர்ப்பது என்பது அதன் பெயர். தலைப்பிலேயே வதந்தி முன்னால் நிற்கிறது. அதன் 52ஆம் பிரிவின்படி, உத்தியோகபூர்வமாக அறிவிக்கப்பட்டதற்கு மாறான பொய்ச் செய்தியையோ வதந்தியையோ இணையத்தில் வெளியிடுபவருக்கும் அதை மீளப் பகிர்பவருக்கும் குறைந்தது ஓராண்டுச் சிறையும் குறைந்தது 100,000 திர்ஹாம் தண்டப்பணமும் உண்டு. தொற்றுநோய், நெருக்கடி, அனர்த்தம் போன்ற காலங்களில் இது இரண்டு ஆண்டுகளாகவும் 200,000 திர்ஹாமாகவும் உயரும். மாதம் 1,000 திர்ஹாம் உழைக்கும் ஒருவருக்கு 100,000 திர்ஹாம் என்பது நூறு மாதச் சம்பளம். உண்ணாமல் குடிக்காமல் சேர்த்தாலும் எட்டு வருடங்களுக்கு மேல் எடுக்கும்.

43ஆம் பிரிவு இன்னொருவரை இழிவுபடுத்துவது பற்றியது. தண்டப்பணம் 250,000 திர்ஹாமிலிருந்து 500,000 வரை. பகிரங்கமாக எழுதினால்தான் குற்றம் என்றில்லை. தனிப்பட்ட வட்ஸ்அப் செய்தியில் திட்டியதற்காகவும் அங்கு வழக்குகள் நடந்துள்ளன. 44ஆம் பிரிவு அனுமதியின்றி ஒருவரைப் படம் பிடிப்பதையும் அதைப் பகிர்வதையும் தடுக்கிறது. கேட்பதற்கு நல்ல விடயம்தான். ஆனால் முகாமில் ஓர் அறைக்குள் பன்னிரண்டு பேர் படுத்திருப்பதைப் படமெடுத்து அனுப்பும் தொழிலாளி இந்தப் பிரிவின் எந்தப் பக்கத்தில் நிற்கிறான்? 2015இல், மாற்றுத்திறனாளிகளுக்கான இடத்தை அடைத்து நிறுத்தப்பட்டிருந்த காரைப் படமெடுத்து முகநூலில் போட்ட ஓர் அவுஸ்திரேலியப் பெண் அபுதாபியில் தண்டிக்கப்பட்டு நாடுகடத்தப்பட்டார். அவர் அந்தப் படத்தில் காரின் இலக்கத்தை மறைத்திருந்தார்.

10ஆம் பிரிவு, குற்றம் செய்வதற்காகவோ குற்றத்தைக் கண்டுபிடிக்க முடியாமல் செய்வதற்காகவோ தனது இணைய முகவரியை மறைத்துக்கொள்பவரைத் தண்டிக்கிறது. நாம் வி.பி.என். என்று சொல்லும் வழி இதுதான். தண்டப்பணம் 500,000 திர்ஹாமிலிருந்து இரண்டு மில்லியன் வரை. வி.பி.என். பாவிப்பதே குற்றம் என்று சட்டம் சொல்லவில்லை. ஆனால் தடைசெய்யப்பட்ட ஒன்றைப் பார்ப்பதற்கல்லாமல் வேறெதற்கு அதைப் பாவித்தாய் என்று கேட்டால் சாதாரண மனிதன் என்ன பதிலைச் சொல்வான்?

இயந்திரமும் கையும்

நான் வேலை செய்யும் தொழிற்சாலையில் தகடு வெட்டும் இயந்திரம் ஒன்றுண்டு. இரண்டு கைகளாலும் இரண்டு பொத்தான்களை ஒரே நேரத்தில் அழுத்தினால்தான் அது வெட்டும். கை உள்ளே இருக்கும்போது கத்தி இறங்க முடியாது. இந்த ஏற்பாடு முதலாளியின் கருணையால் வந்ததல்ல. இயந்திரத்தைச் செய்பவனும் அதைப் பாவிக்க விடுபவனும் பொறுப்பேற்க வேண்டுமென்று தொழிற்சங்கங்கள் நீண்ட காலம் போராடிப் பெற்ற சட்டங்களால் வந்தது. அதற்கு முன் விரல் போனால் 'கவனமின்மை' என்று தொழிலாளியின் மேல்தான் பழி.

சமூக வலைத்தளங்கள் பற்றிய சட்டங்களையும் இவ்வாறு இரண்டாகப் பிரித்துப் பார்க்கலாம். இயந்திரத்தை நோக்கிப் பேசும் சட்டங்கள் ஒருவகை. கையை நோக்கிப் பேசுபவை இன்னொரு வகை. ஜேர்மனி 2017இல் கொண்டுவந்த சட்டம், வெளிப்படையாகச் சட்டவிரோதமான பதிவுகளைக் குறித்த காலத்துள் அகற்றாத பெரிய கொம்பனிகளுக்கு 50 மில்லியன் யூரோ வரை தண்டம் விதிக்க இடமளித்தது. பின்னர் வந்த ஐரோப்பிய ஒன்றியத்தின் டிஜிட்டல் சேவைகள் சட்டம் 2024 பெப்ரவரியிலிருந்து முழுமையாக நடைமுறைக்கு வந்தது. அது கொம்பனியின் உலகளாவிய வருமானத்தின் 6 வீதம் வரை தண்டம் விதிக்கலாம் என்கிறது. அதோடு, ஒருவரின் பதிவை அகற்றினால் காரணத்தைச் சொல்ல வேண்டும், முறையிட வழிவிட வேண்டும் என்றும் கொம்பனியைக் கட்டாயப்படுத்துகிறது. இச்சட்டங்களில் குறைகள் நிறைய உண்டு. தண்டத்துக்குப் பயந்து தேவையில்லாததையும் அகற்றிவிடுவார்கள் என்ற விமர்சனம் நியாயமானது. ஆயினும் கடிவாளம் மாட்டப்படுவது யாருக்கு என்பதில் குழப்பமில்லை.

ஐக்கிய அரபு இராச்சியத்தின் சட்டம் கொம்பனிகளை முற்றாக விட்டுவிடவில்லை. அகற்றச் சொல்லிக் கட்டளையிட்ட உள்ளடக்கத்தை அகற்றாதவர்களுக்கு 53ஆம் பிரிவு 300,000 முதல் 10 மில்லியன் திர்ஹாம் வரை தண்டம் விதிக்கிறது. ஆனால் இந்தக் கட்டளைக்கு எதிராக, பதிவை எழுதியவனுக்குள்ள உரிமை பற்றி அந்தப் பிரிவு பேசவில்லை. கொம்பனி அரசுக்குப் பதில் சொல்ல வேண்டும். பாவனையாளருக்கு இருவருமே பதில் சொல்லத் தேவையில்லை. ஆகவே சட்டத்தின் பாரம் முழுவதும் கடைசியில் கையின் மீதே இறங்குகிறது.

அயல் நாடுகளின் நிலைமையும் இதற்குத் தூரமில்லை. சவூதி அரேபியா 2007இலும், ஓமான் 2011இலும், பஹ்ரேனும் கட்டாரும் 2014இலும், குவைத் 2015இலும் இத்தகைய சட்டங்களை இயற்றின. சவூதியில் இதனோடு பயங்கரவாத எதிர்ப்புச் சட்டமும் சேர்ந்து வேலை செய்கிறது. இங்கிலாந்தின் லீட்ஸ் பல்கலைக்கழகத்தில் ஆய்வு மாணவியாக இருந்த சல்மா அல்-ஷெஹாப் விடுமுறையில் ஊர் போனபோது, 2021 ஜனவரியில் கைதானார். ருவிற்றரில் எழுதியதும் பிறர் எழுதியதை மீளப் பகிர்ந்ததும்தான் குற்றம். முதலில் ஆறு ஆண்டு, மேன்முறையீட்டில் 2022 ஓகஸ்டில் 34 ஆண்டு. பின்னர் படிப்படியாகக் குறைக்கப்பட்டு 2025 பெப்ரவரியில் விடுதலையானார். ஐக்கிய அரபு இராச்சியத்தில் பொறியியலாளரும் மனித உரிமைச் செயற்பாட்டாளருமான அஹ்மத் மன்சூர் 2017 மார்ச்சில் கைதாகி, 2018இல் பத்தாண்டுச் சிறையும் ஒரு மில்லியன் திர்ஹாம் தண்டமும் பெற்றார். நாட்டின் மதிப்பைக் குறைத்தார் என்பது குற்றச்சாட்டுகளில் ஒன்று.

கொம்பனிகளும் இந்த அரசுகளும் எதிரெதிரே நிற்பதாக எண்ணுவதும் தவறு. 2015இல் ருவிற்றர் கொம்பனிக்குள் வேலை செய்த ஒருவர் 6,000க்கும் மேற்பட்ட கணக்குகளின் விபரங்களைப் பார்த்துச் சவூதிக்குக் கொடுத்தார் என்று அமெரிக்க அரசு குற்றஞ்சாட்டியது. அவர் சவூதிக்குத் தப்பியோடிவிட்டார். அவரோடு குற்றஞ்சாட்டப்பட்ட இன்னொரு முன்னாள் ஊழியரை 2022இல் சான் பிரான்சிஸ்கோவில் ஜூரிகள் குற்றவாளியாகக் கண்டார்கள்.

வீட்டுக்குக் கதைப்பது

எழுதாமலே இருந்துவிட்டால் பிரச்சினையில்லை என்று சிலர் சொல்லக்கூடும். எழுதாதவர்களுக்கும் வீட்டுக்குக் கதைக்க வேண்டியிருக்கிறது.

ஐக்கிய அரபு இராச்சியத்தில் இணையவழி அழைப்பை அனுமதி பெற்ற தொலைத்தொடர்பு நிறுவனங்களின் ஊடாகவே வழங்கலாம் என்பது விதி. எனவே வட்ஸ்அப்பில் எழுதலாம், குரலைப் பதிந்து அனுப்பலாம். அழைத்துப் பேச முயன்றால் இணைப்புக் கிடைப்பதில்லை. ஸ்கைப்புக்கும் இதே கதிதான் ஏற்பட்டது. உரிமம் பெற்ற செயலிகளுக்கு மாதக் கட்டணம் கட்டினால் பேசலாம். சவூதி இத்தகைய தடையை 2017 செப்டெம்பரில் தளர்த்தியது. டுபாயும் அபுதாபியும் தளர்த்தவில்லை. பெருந்தொற்று வந்து வேலையும் பள்ளிக்கூடமும் இணையத்துக்கு மாறிய 2020இல் சில செயலிகளுக்குத் தற்காலிக அனுமதி கிடைத்தது. பிள்ளையின் முகத்தை இரண்டு வருடத்துக்கு ஒருமுறை பார்க்கும் தாய்க்கு அதற்கு முன் அந்த அவசரம் இருந்ததாக எவருக்கும் தோன்றவில்லை.

இந்த இடைவெளியில் 2019இல் ரொடொக் என்றொரு செயலி வந்தது. இலவசம். வீடியோவும் தெளிவு. மற்றவை தடுக்கப்பட்ட நாட்டில் இது மட்டும் தடையின்றி இயங்கியது. இலட்சக்கணக்கானோர் தரவிறக்கினார்கள். அவ்வருடம் டிசெம்பரில் நியூயோர்க் ரைம்ஸ், அச்செயலி ஐக்கிய அரபு இராச்சியத்தின் உளவுத்துறைக்கான கருவி என்று அமெரிக்க அதிகாரிகளை ஆதாரங்காட்டி எழுதியது. அப்பிளும் கூகிளும் அதைத் தமது கடைகளிலிருந்து நீக்கின. செயலியை நடத்தியவர்கள் குற்றச்சாட்டை மறுத்தார்கள். உண்மை எதுவாயினும், அது எப்படிப் பரவியது என்பதே கவனத்துக்குரியது. ஒருவரையும் கட்டாயப்படுத்தத் தேவையிருக்கவில்லை. எல்லாக் கதவுகளையும் மூடி ஒன்றை மட்டும் திறந்து வைத்தால் சனம் அதனூடாகத்தான் போகும். ஒழுங்குபடுத்தல் என்ற சொல்லின் பொருளைப் பாடப்புத்தகத்தைவிட இந்தச் சம்பவம் நன்றாகச் சொல்லித்தருகிறது.

நீதிமன்றத்துக்கு முன்பே

சட்டத்தின் பிரிவுகளை நான் மேலே விபரித்தாலும், தொழிலாளியைப் பொறுத்தவரை அவை பெரும்பாலும் நீதிமன்றம்வரை போகத் தேவையில்லை. 2012ஆம் ஆண்டுச் சட்டத்தின் 42ஆம் பிரிவு, அச்சட்டத்தின் கீழ் குற்றவாளியாகும் வெளிநாட்டவரைத் தண்டனை முடிந்ததும் நாடுகடத்த வேண்டும் என்று கட்டாயமாக்கியிருந்தது. 2018இல் வந்த திருத்தம் அதை 'நாடுகடத்தலாம்' என்று மாற்றியது. ஆனால் நிர்வாக உத்தரவின் மூலம், நீதிமன்றத் தீர்ப்பில்லாமலே ஒருவரை அனுப்பிவிடும் அதிகாரமும் அங்கு உண்டு. அதைவிட இலகுவானது வீசாவை ரத்துச் செய்வது. வீசா வேலையோடு கட்டப்பட்டிருக்கிறது. வேலை முதலாளியின் கையில் இருக்கிறது. ஊரில் காணியை ஈடுவைத்து ஏஜென்சிக்குக் கட்டிய கடன் தொழிலாளியின் தலையில் இருக்கிறது. இந்த மூன்றும் சேர்ந்தால் எந்தப் பிரிவையும் வாசித்துக்காட்டத் தேவையில்லை. ஆபத்து எங்கிருக்கிறது என்று தெரியாதவன் எல்லா இடத்திலும் அது இருப்பதாகவே எடுத்துக்கொள்வான். சட்டத்தின் சொற்கள் தெளிவற்றிருப்பது இங்கு குறையல்ல, பயன்.

கட்டாரில் காவலாளியாக வேலை செய்த கென்ய நாட்டவர் மல்கம் பிடாலியின் கதை இதற்கு நல்ல உதாரணம். நோவா என்ற புனைபெயரில், தொழிலாளர் விடுதிகளின் நெருக்கடியையும் அந்தரங்கமின்மையையும் இணையத்தில் எழுதிவந்தார். 2021 மே மாதம் கைதாகி, ஏறத்தாழ நான்கு வாரங்கள் தனிமைச் சிறையில் வைக்கப்பட்டார். பின்னர் பொய்ச் செய்தி பரப்பினார் என்று 25,000 றியால் தண்டம் விதிக்கப்பட்டு, ஓகஸ்டில் நாட்டைவிட்டு வெளியேறினார். கைதாவதற்குச் சுமார் ஒரு வாரத்துக்கு முன்னர், கட்டாரில் தன் வேலை அனுபவம் பற்றி வெளிநாட்டு அமைப்புகளுக்கும் தொழிற்சங்கங்களுக்கும் இணையவழியே உரையாற்றியிருந்தார். இந்த விபரத்தை நாம் இலேசாகக் கடந்துபோகக் கூடாது. பின்னர் திரும்புகிறேன்.

2024 ஜூலையில், தமது நாட்டில் மாணவர் கிளர்ச்சி நடந்துகொண்டிருந்தபோது, பங்களாதேசத் தொழிலாளர்கள் ஐக்கிய அரபு இராச்சியத்தின் வீதிகளில் திரண்டார்கள். சில நாட்களுக்குள் 57 பேருக்குத் தீர்ப்பு: மூவருக்கு ஆயுட்சிறை, 53 பேருக்குப் பத்து ஆண்டுகள், ஒருவருக்குப் பதினொரு ஆண்டுகள். கூடியதோடு, கூடியதைப் படமெடுத்து இணையத்தில் பரப்பியதும் அவர்கள் மீதான குற்றச்சாட்டுகளில் இருந்தது. டாக்காவில் ஆட்சி மாறியபின், புதிய அரசு கேட்டுக்கொண்டதால் செப்டெம்பரில் அவர்களுக்கு மன்னிப்புக் கிடைத்தது. கேட்பதற்கு ஓர் அரசு இருந்தபடியால் கிடைத்தது. ஈழத்தமிழருக்காக அவ்வாறு கேட்கக்கூடிய அரசு எது என்பதை வாசகர்களின் யோசனைக்கு விடுகிறேன்.

மறுபக்கம்

இச்சட்டங்களால் நன்மையே இல்லையா என்று கேட்பவர்களுக்கும் பதில் சொல்ல வேண்டும். உண்டு. 2020 ஏப்ரலில், பெருந்தொற்றைச் சாட்டி முஸ்லிம்களை இழிவுபடுத்தி எழுதிய இந்தியர்கள் பலர் டுபாயில் வேலை இழந்தார்கள். 2015இலிருந்து அங்கு பாகுபாட்டுக்கும் வெறுப்புக்கும் எதிரான தனிச்சட்டம் இருந்தது. தமது ஊரில் தண்டனையின்றி எழுதக்கூடியதை அங்கு எழுத முடியவில்லை. பெண்களின் படங்களை வைத்துப் பயமுறுத்துபவர்களுக்கும், போலி வேலை விளம்பரம் போட்டுப் பணம் பறிப்பவர்களுக்கும் எதிரான பிரிவுகள் 2021ஆம் ஆண்டுச் சட்டத்தில் உள்ளன. அவை எமது மக்களுக்கு உண்மையிலேயே தேவையானவை.

ஆனால் ஒரு சட்டத்தை அதன் நல்ல பிரிவுகளைக் கொண்டு மட்டும் அளக்க முடியாது. அது பிழையாகப் பாவிக்கப்படும்போது அதைத் தடுக்க யார் இருக்கிறார்கள் என்பதையும் பார்க்க வேண்டும். இந்தியாவில் தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 66அ பிரிவு, எரிச்சலூட்டும் செய்தி என்ற தெளிவற்ற சொல்லை வைத்துப் பலரைச் சிறைக்கு அனுப்பியது. 2012இல் புதுச்சேரியில் ஒரு மத்திய அமைச்சரின் மகன் பற்றி ருவிற்றரில் எழுதியவரும் அதில் அகப்பட்டார். மும்பைக்கு அருகில் பால்கரில் முகநூலில் எழுதிய ஒரு பெண்ணும் அதை விரும்பியதாகக் குறித்த இன்னொரு பெண்ணும் அகப்பட்டார்கள். 2015 மார்ச் 24ஆம் திகதி, ஒரு சட்ட மாணவி தொடுத்த வழக்கில் இந்திய உச்சநீதிமன்றம் அந்தப் பிரிவையே நீக்கியது. வளைகுடாவில் அப்படி வழக்குத் தொடுக்கும் மாணவிக்கோ அதை அச்சிடும் பத்திரிகைக்கோ இடமில்லை.

இலங்கை 2024 ஜனவரியில் நிகழ்நிலைக் காப்புச் சட்டத்தை நிறைவேற்றியபோது, எது பொய் என்பதைத் தீர்மானிக்கும் அதிகாரத்தை ஐந்து பேர் கொண்ட ஆணைக்குழுவிடம் கொடுத்தது. உத்தியோகபூர்வ அறிவிப்புக்கு மாறானது பொய் என்ற வளைகுடாவின் தர்க்கத்துக்கும் இதற்கும் இடையிலுள்ள தூரம் நாம் எண்ணுவதைவிடக் குறைவு. காணாமல் ஆக்கப்பட்டோரின் எண்ணிக்கை பற்றியும் முள்ளிவாய்க்காலில் இறந்தோரின் எண்ணிக்கை பற்றியும் உத்தியோகபூர்வ அறிவிப்புகள் எப்படி இருந்தன என்று நமக்குத் தெரியும்.

நாம் செய்யக்கூடியது

மேலே சொன்னவற்றிலிருந்து விவாதத்துக்காக மூன்று விடயங்களை முன்வைக்கிறேன்.

முதலாவது, சட்டம் வேண்டுமா வேண்டாமா என்ற கேள்வியை விட்டு, எந்தச் சட்டத்தையும் மூன்று கேள்விகளால் சோதிப்போம். அது கொம்பனியைக் கட்டுகிறதா, பேசுபவனைக் கட்டுகிறதா? எது பொய், எது அவதூறு என்பதை அரசின் கைக்கு எட்டாத ஒருவர் தீர்மானிக்கிறாரா? தண்டிக்கப்பட்டவர் முறையிட்டு முடியும்வரை அந்த நாட்டில் இருக்க முடியுமா? மூன்றாவது கேள்வியை ஐரோப்பியச் சட்ட நிபுணர்கள் கேட்பதில்லை. அவர்களுக்கு அது தேவையில்லை. எமக்குத் தேவை.

இரண்டாவது, வளைகுடாவிலிருந்து வரும் குரல்களை நாம் கையாளும் விதம். முகாமின் படம், சம்பளம் கொடுபடாத கதை, வீட்டுக்காரியின் கொடுமை பற்றிய குரற்பதிவு என்று வருகின்றன. இங்கு பாதுகாப்பாக இருந்துகொண்டு முகத்தோடும் பெயரோடும் அவற்றைப் பகிர்வது எமக்கு அறச்சீற்றம். அனுப்பியவருக்கு அது சாட்சியம். பிடாலியின் விடயத்தில் உரையே கைதுக்குக் காரணம் என்று நான் கூறவில்லை. ஆயினும் பேச அழைப்பவர்கள் பேசுபவரின் ஆபத்தையும் சேர்த்துக் கணக்கிட வேண்டும். படத்தில் முகமும் சுவரிலுள்ள கொம்பனிப் பெயரும் மறைக்கப்பட வேண்டும். குரலை எழுத்தாக்க வேண்டும். அவர் ஊர் திரும்பும்வரை பொறுக்க முடியுமானால் பொறுக்க வேண்டும். அமைப்புகளுக்குப் பணம் சேர்க்கும் அழைப்புகளை அங்குள்ளவர்களின் குழுக்களுக்கு அனுப்புவதையும் நிறுத்த வேண்டும். உரிமமின்றி இணையத்தில் நிதி திரட்டுவதை அச்சட்டம் தனிக் குற்றமாகக் கொள்கிறது. உதவி கேட்டு வந்த செய்தியை முன்னனுப்பியவரும் அதற்குள் அகப்படலாம்.

மூன்றாவது, மௌனத்தை வாசிக்கப் பழகுவது. வளைகுடாத் தமிழர் அரசியலற்றவர்கள், உழைப்பிலும் நகையிலும் மட்டும் அக்கறை கொண்டவர்கள் என்ற பேச்சு எம்மிடையே உண்டு. அங்கிருந்து ஒரு கட்டுரையும் வருவதில்லை என்று குறைபடுகிறோம். எழுதினால் நூறு மாதச் சம்பளமும் வீசாவும் போகும் இடத்திலிருந்து ஏன் எழுத்து வரவில்லை என்று கேட்பவர்கள், முதலில் அச்சட்டத்தின் 52ஆம் பிரிவை வாசிக்கட்டும். அங்கிருப்பவர்களிடம் கருத்து இல்லாமலில்லை. அதைச் சொல்லக்கூடிய இடம் எமது பக்கத்தில்தான் இருக்கிறது. அதைப் பெயரின்றி, முகமின்றி, அவசரமின்றி எப்படித் திறந்துவைப்பது என்பது பற்றி, முக்கியமாக அங்கு வாழ்ந்து திரும்பிய நண்பர்களும் சகோதரிகளும் எழுத வேண்டும்.